டப்ளினில் நடந்தபடி விஸ்கி சுவைக்கும் வழிகாட்டிச் சுற்று: எந்தப் பாதை, எத்தனை மில்லி, என்ன வரிசை?

#1 பயணப்பை

அக்டோபர் கடைசி வாரம் ஆறு பேர் டப்ளின் போகிறோம். வழிகாட்டியோடு நடந்துகொண்டே விஸ்கி சுவைக்கும் சுற்று ஒன்றில் சேர எண்ணம். இணையத்தில் பார்த்தால் எல்லா விளம்பரமும் ஒரே பாட்டு: 3 மணி நேரம், 4 பப், 4 விஸ்கி. விலை மட்டும் ஒன்றுக்கு ஒன்று இரு மடங்கு. ஆறு பேரில் இருவருக்கு விஸ்கி பழக்கமில்லை. ஒருவர் தொடவே மாட்டார், ஆனால் வரலாறு என்றால் முன்வரிசையில் நிற்பார். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? லிபர்ட்டீஸ் பகுதியா, டெம்பிள் பாரா, ஜேம்சன் இருக்கும் ஸ்மித்ஃபீல்டா?

#2 லிஃபிக்கரை

பப் எத்தனை என்பதை விட்டுவிடுங்கள். முதலில் கேட்க வேண்டியது, ஒரு கிளாஸில் எத்தனை மில்லி.

அயர்லாந்து பப்பில் ஒரு அளவு என்றால் 35.5 மில்லி. கில் என்ற பழைய பிரிட்டிஷ் கொள்ளளவில் கால் பங்கு. மெட்ரிக் வந்த பிறகும் அப்படியே நிலைத்துவிட்டது. நம் ஊர் ஸ்மால் 30, லார்ஜ் 60 கணக்கு இங்கே செல்லாது. 40 சதவீத விஸ்கி 35.5 மில்லியில் தனி ஆல்கஹால் 14.2 மில்லி, எடையில் 11 கிராமுக்குச் சற்று மேல். அயர்லாந்தில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது 10 கிராம். நான்கு பப்பில் நான்கு முழு அளவு என்றால் 45 கிராம். உடம்பு மணிக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க்தான் எரிக்கும். அதாவது மூன்று மணி நேரச் சுற்று முடியும்போது நான்காவது விஸ்கியின் மணத்தைப் பிரித்தறியும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். கடைசியில் தருவதுதான் பெரும்பாலும் விலை கூடியது என்பது வேறு விஷயம்.

அதையே 15 மில்லி வீதம் நான்கு ஊற்றினால் மொத்தம் 60 மில்லி, ஆல்கஹால் 19 கிராம். மூன்று மணி நேரத்துக்கு இது சரியான அளவு. கூடக் கொடுப்பது தாராளம் என்று தோன்றும். சுவைப்பதற்கு வந்தவருக்கு அது கெடுதல்.

அடுத்து, பாட்டில்களின் பெயரைக் கேளுங்கள். "நான்கு பிரீமியம் விஸ்கி" என்பது பதில் ஆகாது. எந்த விஸ்கி, எந்த வகை, எத்தனை சதவீதம் என்று எழுதித் தருகிறவர்தான் தொழில் தெரிந்தவர். பிறகு உட்கார இடம் முன்பதிவு உண்டா என்பது. வெள்ளி, சனி மாலையில் டப்ளின் பப்பில் பன்னிரண்டு பேர் கும்பலாக நுழைந்தால் நிற்கக்கூட இடம் கிடைக்காது, வழிகாட்டி பேசுவது மூன்றாவது ஆளுக்கே கேட்காது. எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காத சுற்றாகப் பாருங்கள். சாப்பாடு உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்லும் சுற்று உருப்படாது.

#3 செப்புப்பானை

வரலாற்றுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதால் லிபர்ட்டீஸ்தான். 19ஆம் நூற்றாண்டில் டப்ளின் விஸ்கியின் நான்கு பெரும்புள்ளிகள் ஜான் ஜேம்சன், வில்லியம் ஜேம்சன், ஜான் பவர், ஜார்ஜ் ரோ. இதில் ஜான் ஜேம்சன் மட்டும் லிஃபி ஆற்றுக்கு வடக்கே. மற்ற மூவரின் வடிசாலைகளும் லிபர்ட்டீஸிலும் அதை ஒட்டியும்தான்.

கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் முன் தொடங்குவது நல்லது. விஸ்கிக்கும் தேவாலயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். இடிந்து கிடந்த அந்தத் தேவாலயத்தை 1870களில் புதுப்பித்தது ஜார்ஜ் ரோ வடிசாலைக் குடும்பத்து ஹென்றி ரோ. செலவு சுமார் 2,30,000 பவுண்ட், அத்தனையும் விஸ்கிப் பணம். பக்கத்தில் உள்ள செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தை அதற்குச் சில ஆண்டு முன்பு புதுப்பித்தவர் பெஞ்சமின் கின்னஸ், அது பீர்ப் பணம். அந்தக் காலத்து டப்ளினில் யார் கையில் காசு புரண்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

அங்கிருந்து மேற்கே தாமஸ் தெரு. இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்து நடந்தால் சில நிமிடத்தில் தேசியக் கலை வடிவமைப்புக் கல்லூரி வரும். 1791இல் ஜான் பவரின் தந்தை ஜேம்ஸ் பவர் தொடங்கிய ஜான்ஸ் லேன் வடிசாலை இருந்த இடம் இதுதான். வளாகத்துக்குள் பழைய செம்பு வடிகலன்கள் மூன்று திறந்தவெளியில் நிற்கின்றன. கல்லூரி வளாகம் என்பதால் வாயில் திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே பார்க்கலாம். வார இறுதியில் போகும் சுற்று இதைப் பார்க்காமலே கடந்துவிடும், எனவே வேலை நாள் சிறந்தது.

இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் செயின்ட் பேட்ரிக் கோபுரம். 1757இல் கட்டிய காற்றாலை, ஜார்ஜ் ரோ வடிசாலைக்குத் தானியம் அரைத்தது. இப்போது இறக்கைகள் இல்லை. உச்சியில் பச்சை பூத்த செம்புக் குமிழும் அதன் மேல் புனித பேட்ரிக் உருவமும் மட்டும். ரோவின் வடிசாலை சுமார் 17 ஏக்கர், அந்நாளில் அயர்லாந்திலேயே பெரியது. அத்தனையில் மிஞ்சியது இந்தக் கோபுரமும் காலடியில் ஒரு பேரிக்காய் மரமும்தான். ஐரிஷ் விஸ்கி ஏன் சரிந்தது என்பதை வழிகாட்டி இங்கே நின்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஈனியஸ் காஃபி என்ற கலால் அதிகாரி 1830இல் தொடர் வடிகலனுக்குக் காப்புரிமை பெற்றார். டப்ளின் பெரும்புள்ளிகள் அதைச் சீண்டவில்லை, ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு மலிவாகக் கலந்து உலகெங்கும் விற்றார்கள். பிறகு விடுதலைப் போர், பிரிட்டிஷ் சந்தையோடு வர்த்தகச் சண்டை, 1920 முதல் 1933 வரை அமெரிக்க மதுவிலக்கு. 1966இல் ஜேம்சன், பவர், கார்க் வடிசாலை நிறுவனம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துதான் தப்பித்தன. 1980களின் நடுவில் தீவு முழுவதற்கும் இரண்டே வடிசாலை: தெற்கே மிடில்டன், வடக்கே புஷ்மில்ஸ்.

கோபுரத்திலிருந்து தென்கிழக்காக இறங்கி மீத் தெரு வழியாக நியூமார்க்கெட். அங்கே டீலிங் வடிசாலை, 2015இல் திறந்தது. 125 ஆண்டுகளுக்கு மேல் கழித்து டப்ளினில் எழுந்த முதல் புது வடிசாலை. மூன்று செம்புப் பானைகளுக்கும் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டீலிங்கின் மூன்று மகள்களின் பெயர்: அலிசன், நடாலி, ரெபேக்கா. மொத்த நடையே மூன்று கிலோமீட்டருக்குள்.

#4 மழைக்கோட்டு

நியூமார்க்கெட் வரை போய்விட்டு சேம்பர் தெருவை விட்டுவிட்டீர்களே அண்ணே.

1875 ஜூன் 18 இரவு, அந்தத் தெருவில் இருந்த கிடங்கு தீப்பிடித்தது. பீப்பாய்கள் வெடித்து எரியும் விஸ்கி தெருவில் ஆறாக ஓடியது. இறந்தவர் 13 பேர். ஒருவர்கூடத் தீயில் சாகவில்லை, புகையிலும் சாகவில்லை. தெருவில் ஓடிய சாராயத்தைக் கையாலும் தொப்பியாலும் செருப்பாலும் அள்ளிக் குடித்துச் செத்தவர்கள். தண்ணீர் அடித்தால் எரியும் சாராயம் இன்னும் பரவும் என்று தீயணைப்புத் தலைவர் இங்ராம், மணலும் குதிரைச் சாணமும் வண்டி வண்டியாகக் கொட்டி அணை கட்டினார். கிடங்கில் இருந்தது பீப்பாய் பலத்தில் உள்ள சரக்கு. கடையில் வாங்குவதைவிட ஒன்றரை மடங்கு காரம். பாட்டிலில் அடைப்பதற்கு முன் தண்ணீர் ஏன் கலக்கிறார்கள் என்பதை விளக்க வழிகாட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

#5 கோப்பை

ஜேம்சனை ஏன் எல்லாரும் ஒதுக்குகிறீர்கள்? முதல் தடவை போகிறவர்கள், ஸ்மித்ஃபீல்டில் ஜேம்சனின் பழைய வடிசாலை இருக்கும் போ (Bow) தெருவைப் பார்க்காமல் வருவதா?

#6 செப்புப்பானை

ஒதுக்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்து போக வேண்டும். போ தெருவில் 1780இல் தொடங்கிய வடிசாலை 1971இல் வடிப்பதை நிறுத்திவிட்டது. 1975 முதல் ஜேம்சன் முழுவதும் கார்க் மாவட்டத்து மிடில்டனில்தான் வடிக்கப்படுகிறது. இப்போது இருப்பது பார்வையாளர் மையம். நன்றாக நடத்துகிறார்கள். ஜேம்சனையும் ஸ்காட்ச், பர்பன் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுவது புதியவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். ஆனால் ஊறல் பொங்கும் வாசனையும் பானையின் சூடும் வேண்டும் என்றால் அங்கே கிடைக்காது. நியூமார்க்கெட்டில் கிடைக்கும்.

இரண்டையும் சேர்க்க வேண்டுமானால் ஸ்மித்ஃபீல்டில் தொடங்கித் தெற்கே நடக்கலாம், நியூமார்க்கெட் வரை 25 நிமிடம். ஆற்றைக் கடப்பது ஃபாதர் மேத்யூ பாலத்தில். லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்களிடம் மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிய பாதிரியார் அவர். அவர் இயக்கம் தொடங்கிய நூற்றாண்டில், 1938இல், பாலத்துக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். பாலத்தை விட்டு இறங்கினால் எதிரே பிரேசன் ஹெட் பப். டப்ளின் குசும்பு.

#7 வாற்கோதுமை

பாதை சரி. சுவைக்கும் வரிசைக்கு வருவோம், பாதிச் சுற்றுகள் கோட்டை விடுவது இங்கேதான். பப் எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில் விஸ்கியும் வந்துவிடுகிறது. முதல் பப்பிலேயே, பார்லியைப் பீட் என்ற சதுப்புநிலக் கரியின் புகையில் காயவைத்து வடித்த விஸ்கியைக் கொடுத்தால் அடுத்த மூன்றும் அதே புகையில்தான் மணக்கும்.

லேசானதில் தொடங்கிக் கனமானதுக்கு. சதவீதம் குறைந்தது முன்னால், கூடியது பின்னால். புகை கடைசியில். புதியவர் இருவர் இருக்கும் குழுவுக்கு என் வரிசை இப்படி இருக்கும்: முதலில் ஒரு பிளெண்ட், அதாவது வெவ்வேறு வகை விஸ்கி கலந்தது, சாதாரண ஜேம்சனே போதும், 40 சதவீதம். அடுத்து புஷ்மில்ஸ் 10, தனி மால்ட், அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்தது, அதுவும் 40. மூன்றாவது கிரீன் ஸ்பாட், பாட் ஸ்டில் (கீழே விளக்குகிறேன்), 40. நான்காவது பவர்ஸ் ஜான்ஸ் லேன், 12 ஆண்டு, 46 சதவீதம், அதுவும் பாட் ஸ்டில்தான். பவரின் வடிசாலை நின்ற மண்ணைப் பார்த்துவிட்டு அன்றைக்கே அதைக் குடிப்பதில் ஒரு பொருத்தம் உண்டு, வடித்தது மிடில்டனில் என்றாலும். புகை வேண்டும் என்று அடம்பிடித்தால் கடைசியில் கொன்னமரா.

பாட் ஸ்டில் என்ற வகையை விளக்காத வழிகாட்டியிடம் காசைத் திருப்பிக் கேட்கலாம். அயர்லாந்துக்கே உரிய வகை அது. 1785இல் மால்ட்டுக்கு வரி போட்டார்கள். மால்ட் என்றால் முளைகட்டிக் காயவைத்த பார்லி. முளைகட்டாத பார்லிக்கு வரி இல்லை. வடிசாலைக்காரர்கள் பச்சைப் பார்லியையும் சேர்த்து அரைத்தார்கள். வரியை மிச்சம் பிடிக்கப் போய் எண்ணெய்ப் பசையும் மிளகுக் காரமும் உள்ள ஒரு சரக்கு கிடைத்துவிட்டது. இன்றைய விதிப்படி முளைகட்டிய பார்லி குறைந்தது 30 சதவீதம், கட்டாதது குறைந்தது 30 சதவீதம், ஓட்ஸ், ரை போன்ற வேறு தானியம் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. டீலிங்கின் பாட் ஸ்டில் சரிபாதி. புஷ்மில்ஸ் 10ஐயும் கிரீன் ஸ்பாட்டையும் அடுத்தடுத்துக் குடித்தால் வித்தியாசம் நாக்கின் நடுவில் தெரியும்: முன்னது தேனும் பழமுமாக மெல்லியது, பின்னது வெண்ணெய் தடவினாற்போல் படிந்து பிறகு காரும்.

முறை: கிளாஸை மூக்குக்குள் நுழைக்காதீர்கள். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு, கிளாஸைத் தாடைக்கு நேராகப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். சாராய நெடி மூக்கில் குத்தும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். முதல் வாய் வெறும் அறிமுகம், நாக்கை நனைக்க மட்டும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டாவது வாயை எட்டுப் பத்து நொடி வாயில் புரட்டி விழுங்குங்கள்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. 15 மில்லி, 46 சதவீத விஸ்கியை 40க்குக் கொண்டுவர இரண்டேகால் மில்லி போதும், அரை டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. ஜக்கைச் சாய்த்து ஊற்றினால் 15 மில்லியில் எல்லாம் முடிந்துவிடும். சொட்டுக் குழாய் இல்லையென்றால் ஸ்பூன் கேளுங்கள், ஸ்ட்ராவை விரலால் அடைத்தும் எடுக்கலாம்.

#8 மழைக்கோட்டு

தண்ணீர் விஷயத்தில் மாற்றுக் கருத்து. 40 சதவீதத்தில் வருகிறவற்றுக்குத் தண்ணீரே வேண்டாம். ஏற்கெனவே பாட்டிலில் போடும் முன் கலந்துதான் வருகிறது. 46க்கு மேல் உள்ளவற்றுக்கு மட்டும் போதும்.

இன்னொன்று, அக்டோபர் கடைசியில் கிளாஸே குளிர்ந்திருக்கும். குளிர்ந்த கிளாஸில் மணம் எழும்பாது. உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்திப் பிடித்தால் சரியாகிவிடும். அகன்ற வாய் கொண்ட டம்ளரில் கொடுத்தால் வாய் குறுகிய துலிப் வடிவ கிளாஸ் கேட்டு வாங்குங்கள். விஸ்கிக்குப் பேர்போன பப்புகளில் எல்லாம் வைத்திருப்பார்கள்.

#9 வாற்கோதுமை

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பழக்கமில்லாதவருக்கு 40கூட எரியும். அவருக்கு நாலு சொட்டு விடுவதில் தவறில்லை. எரிச்சல் அடங்கினால்தான் அவர் சுவையைக் கவனிப்பார். ஐஸ் மட்டும் வேண்டாம், சுவையை மூடிவிடும். சுற்றுக்கு முன் புதினா மிட்டாய், காபி, காட்டமான சென்ட் மூன்றையும் தவிருங்கள். சென்ட் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

#10 கூடைக்காரி

விஸ்கி பழக்கமில்லாத இருவருக்கும் நான்கு கிளாஸ் வைப்பதே தண்டனை. சுவைத்துத் துப்பக் கிண்ணம் கேளுங்கள். வடிசாலைகளில் தருவார்கள், பப்பில் முன்கூட்டிச் சொன்னால்தான் வரும். துப்புவது மரியாதைக் குறைவு ஆகாது. அவர்களுக்கு இரண்டு சுவைப்பும் கடைசியில் ஒரு ஐரிஷ் காபியும் பேசி வையுங்கள். குடிக்காதவருக்குக் கட்டணத்தில் கழிவு உண்டா என்று கேட்கவும், பலர் கேட்டால் கொடுக்கிறார்கள்.

ஐரிஷ் காபி டப்ளின் சரக்கு இல்லை. 1940களில் லிமரிக் மாவட்டம் ஃபாய்ன்ஸ் கடல்விமானத் தளத்தில் பிறந்தது. எங்கே குடித்தாலும் சரியாகச் செய்கிறார்களா என்று பாருங்கள்: விஸ்கி 50 மில்லி, சூடான காபி 120 மில்லி, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, மேலே குளிர்ந்த கிரீம் 50 மில்லி. கிரீம் மூழ்கிக் காபி கலங்கினால் காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, சர்க்கரையைக் குறைத்திருப்பார்கள். சர்க்கரை கரைந்தால்தான் காபி கனமாகும், கிரீம் மேலே நிற்கும். சர்க்கரை வேண்டாம் என்று கேட்கிறவர்களுக்கு மிதக்க வைப்பது கடினம். இரண்டு, கிரீமை அடிக்காமல் தண்ணீராய் விட்டிருப்பார்கள். தோசை மாவுப் பதம் வரும்வரை லேசாக அடித்து, கரண்டியின் முதுகில் வழியவிட வேண்டும். டப்பாவில் இருந்து பீய்ச்சும் கிரீம் ஐரிஷ் காபி ஆகாது, அது ஐஸ்கிரீம் கடை வேலை. கிரீமைக் கலக்காமல் அதன் வழியாகவே காபியை உறிஞ்ச வேண்டும்.

50 மில்லி என்பது ஒரு பப் அளவைவிட ஒன்றரைப் பங்கு என்பதையும் நினைவில் வையுங்கள். லிஃபிக்கரை போட்ட கணக்கில் இதைச் சேர்த்தால் 19 கிராம் என்பது 35ஐத் தொடும். அதனால் அவர்களுக்கு நான்கு சுவைப்பு வேண்டாம் என்றேன். மழையில் நனைந்து வந்தால் ஹாட் விஸ்கி இன்னும் நல்லது: ஒரு அளவு விஸ்கி, ஒரு ஸ்பூன் சர்க்கரை, நாலைந்து கிராம்பு குத்திய எலுமிச்சை வில்லை, மேலே வெந்நீர். கிளாஸில் ஸ்பூனைப் போட்டுவிட்டு வெந்நீர் ஊற்றினால் கிளாஸ் விரிசல் விடாது.

#11 கோப்பை

மாலையில் நகர மையத்திலேயே முடிக்க நினைப்பவர்களுக்கு: ஃபிளீட் தெருவில் பேலஸ் பார், 1823இல் இருந்து இருக்கிறது, மாடியில் விஸ்கிக்கென்றே தனி அறை. அதே தெருவில் போவ்ஸ். நாசோ தெருவில் டிங்கிள் விஸ்கி பார். கிராஃப்டன் தெரு முனையில் ஐரிஷ் விஸ்கி அருங்காட்சியகம், 2014இல் திறந்தது. அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாததால் எல்லா நிறுவனத்துச் சரக்கையும் வைத்துப் பேசுவார்கள். நான்கும் பத்து நிமிட நடைக்குள். டெம்பிள் பார் பகுதியில் விஸ்கி வகை ஏராளம், ஆனால் ஒரே அளவுக்கு விலை கூட, பாட்டுச் சத்தத்தில் வழிகாட்டி கத்த வேண்டியிருக்கும். அங்கே உருண்டைக் கற்கள் பதித்த தெரு, மழையில் வழுக்கும். ரப்பர் அடி ஷூ போடுங்கள்.

பப் பழக்கம் ஒன்று. ஆளுக்கொரு முறை எல்லாருக்கும் ரவுண்ட் வாங்கும் வழக்கம் அங்கே உண்டு. சுவைப்புச் சுற்றில் அதைத் தொடங்காதீர்கள். ஆறு பேர் ஆறு ரவுண்ட் என்றால் கதை முடிந்தது.

#12 செப்புப்பானை

வழிகாட்டிகள் அவிழ்த்துவிடும் சில கதைகளை அப்படியே விழுங்காதீர்கள்.

"ஐரிஷ் விஸ்கி மூன்று முறை வடித்தது, ஸ்காட்ச் இரண்டு முறை." பொதுப் பழக்கம், விதி அல்ல. கூலி (Cooley) என்ற வடிசாலை தொடக்கம் முதலே இரண்டு முறைதான் வடித்தது, கொன்னமரா அங்கிருந்து வருவதுதான். "ஐரிஷில் புகை கிடையாது" என்பதற்கும் கொன்னமராவே பதில்.

"புஷ்மில்ஸ் 1608இல் தொடங்கியது." 1608இல் அந்த வட்டாரத்தில் வடிக்க ஒருவருக்கு உரிமம் கிடைத்தது உண்மை. புஷ்மில்ஸ் நிறுவனம் பதிவானது 1784.

"பிரேசன் ஹெட் 1198இல் இருந்து நடக்கிறது." அந்த இடத்தில் விடுதி இருந்தது என்பது அவர்கள் சொல்வது. இன்று நிற்கும் கட்டடம் 18ஆம் நூற்றாண்டு.

"ஜேம்சன் கத்தோலிக்கர் விஸ்கி, புஷ்மில்ஸ் புராட்டஸ்டன்ட் விஸ்கி." இது அமெரிக்க பார்களில் வளர்ந்த கதை. ஜான் ஜேம்சன் ஸ்காட்லாந்தின் அல்லோவாவில் இருந்து வந்தவர், புராட்டஸ்டன்ட்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான்: அயர்லாந்துத் தீவில் வடித்து, 700 லிட்டருக்கு மேல் போகாத மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு அங்கேயே ஊறியிருக்க வேண்டும், பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இதை வைத்தே ஒரு கேள்வி கேட்கலாம். வடிசாலை திறந்து இரண்டாம் ஆண்டிலேயே தன் பெயரில் பத்தாண்டு விஸ்கி விற்றால், அது வேறெங்கோ வடித்தது. அதில் மோசடி ஏதும் இல்லை, வழக்கம்தான். கிரீன் ஸ்பாட்டும் அப்படிப் பிறந்ததே: மிட்செல் என்ற டப்ளின் ஒயின் வியாபாரிகள் தங்கள் காலிப் பீப்பாய்களை போ தெருவுக்கு அனுப்பி நிரப்பி, தங்கள் நிலவறையில் வைத்து, வயதுக்கு ஒரு நிறப்பொட்டு இட்டார்கள். நீலம் 7, பச்சை 10, மஞ்சள் 12, சிவப்பு 15. ஆனால் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

#13 முத்திரைச்சீட்டு

பாட்டில் வாங்குவது பற்றி யாரும் சொல்லவில்லை. கடையில் மது விற்பது காலை 10.30 முதல் இரவு 10 வரை, ஞாயிறு பகல் 12.30க்குத்தான் தொடங்கும். இரவுச் சுற்று முடிந்து வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தால் கடை பூட்டியிருக்கும். டாசன் தெருவில் செல்டிக் விஸ்கி ஷாப், மதியமே போய்விடுங்கள்.

2022 ஜனவரி முதல் அயர்லாந்தில் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை: ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 10 சென்ட். 700 மில்லி, 40 சதவீதப் பாட்டிலில் 221 கிராம், எனவே 22 யூரோ 9 சென்ட்டுக்குக் கீழே எந்த விஸ்கியும் கிடைக்காது. மலிவாகத் தேடி அலைய வேண்டாம்.

டப்ளினில் இருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. மாறும் விமான நிலையத்தில் மீண்டும் சோதனை உண்டு, கைப்பையில் பாட்டில் இருந்தால் பிடுங்கிவிடும் வாய்ப்பு அதிகம். பெட்டியில் போடுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் உள்ளது விமானத்திலேயே கூடாது. 24க்கு மேல் 70 வரை உள்ளது ஆளுக்கு 5 லிட்டர். இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான், அதாவது 700 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவது வாங்கினால் 2.1 லிட்டர், வரம்பு தாண்டிவிடும்.

#14 லிஃபிக்கரை

தேதி விஷயம் ஒன்று. அக்டோபர் கடைசித் திங்கள் அங்கே பொது விடுமுறை, அதற்கு முந்தைய ஞாயிறு டப்ளின் மாரத்தான். அறை வாடகை ஏறும், சாலைகள் அடைபடும், பப்புகள் நிரம்பி வழியும். பெரும்பாலும் அதே ஞாயிறுதான் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்புவார்கள், பிறகு மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். கோபுரம், வடிகலன் எல்லாம் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை. "மாலைச் சுற்று" என்று 6 மணிக்குத் தொடங்கினால் லிபர்ட்டீஸில் இருட்டுச் சுவர்களைத்தான் பார்ப்பீர்கள். பகல் 1 மணிக்குத் தொடங்குங்கள்.

தெருவில் நின்று குடிப்பதற்கு டப்ளின் மாநகராட்சியில் தடை. பையில் இருந்து பாட்டில் எடுத்துத் தெருமுனையில் ஊற்றித் தரும் வழிகாட்டி வாய்த்தால் விலகிவிடுங்கள். குழந்தைகள் யாராவது உடன் வந்தால், 18க்குக் கீழே உள்ளவர் அக்டோபரில் இரவு 9க்குப் பிறகு பப்பில் இருக்க முடியாது. கார் வாடகைக்கு எடுத்திருந்தால் அன்று சாவியைத் தொடாதீர்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு.

#15 பயணப்பை

எல்லாருக்கும் நன்றி. இப்படி வைத்திருக்கிறோம், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள். விடுமுறைக்கு முந்தைய வியாழன், பகல் 1 மணிக்குக் கிறைஸ்ட் சர்ச். கல்லூரி, கோபுரம், அப்படியே நடந்து நியூமார்க்கெட்டில் 2.30க்கு டீலிங் உள்ளே, அங்கே மூன்று சுவைப்பு. பிறகு ஒரு பப்பில் நான்காவது. நடத்துகிறவர் 15 மில்லி என்று எழுதித் தந்துவிட்டார்.

#16 வாற்கோதுமை

டீலிங்கில் தருவது பெரும்பாலும் 46 சதவீதச் சரக்கு. ஸ்மால் பேட்ச், சிங்கிள் பாட் ஸ்டில் இரண்டுமே 46. அதற்குப் பிறகு பப்பில் 40 சதவீதம் குடித்தால் தண்ணீர் போலத் தெரியும். நான்காவதாக ஜான்ஸ் லேன் கேளுங்கள், அதுவும் 46, 12 ஆண்டு. தாக்குப்பிடிக்கும்.

#17 மழைக்கோட்டு

பப்பைத் தேடி அலைய வேண்டாம், நியூமார்க்கெட்டில் இருந்து ஐந்து நிமிடத்தில் கூம்ப் சாலையில் ஃபாலன்ஸ். சிறிய இடம், ஆறு பேர் என்று முன்பே சொல்லிவிடுங்கள், ஜான்ஸ் லேன் பாட்டில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். குடை கொண்டுபோகாதீர்கள், காற்றில் திரும்பிவிடும். தலைமூடி வைத்த கோட்டு போதும்.

#18 கூடைக்காரி

12 மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். 2.30க்கு வடிசாலைக்குள் போனால் நாலு மணி வரை சைட் டிஷ் என்று ஏதும் கிடைக்காது. மீத் தெருவைக் கடக்கும்போது பேக்கரியில் ரொட்டியும் சீஸும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் நான்காவது கிளாஸுக்கு முன் உதவும், குடிக்காதவருக்கும் கையில் ஏதாவது இருக்கும்.